வாசகர் கேள்வி – பதில்: மாற்றியவர்கள் யார்?

கேள்வி: என்சோ தாலோ இயக்கிய ‘பினோக்கியோ’ என்ற இத்தாலிய அனிமேஷன் படத்தை என் மகளுடன் பார்த்தேன். சிறு வயதில் நான் பார்த்த டிஸ்னி படத்தோடு இது ஒட்டவே இல்லை. இத்தாலியர்கள் கதையை இப்படி மாற்றியிருக்க வேண்டுமா?

பதில்: மாற்றியவர்கள் இத்தாலியர்கள் அல்லர். பிளாரன்ஸ் நகரத்து எழுத்தாளரான கார்லோ கொலோடி, 1881 ஜூலையில் ஒரு சிறுவர் வார இதழில் இக்கதையைத் தொடராக எழுதத் தொடங்கினார்; பதினைந்தாம் அத்தியாயத்தில் மரப்பொம்மையான பினோக்கியோவை ஓக் மரக்கிளையில் தூக்கிலிட்டுத் தொடரையும் முடித்துவிட்டார். குழந்தைகள் விடவில்லை. அவர்கள் கேட்டதன் பேரில் மறு ஆண்டு கதை மீண்டும் தொடர்ந்து, முப்பத்தாறு அத்தியாயங்களுடன் 1883இல் நூலாக வெளிவந்தது. தாங்கள் டிஸ்னி படத்தில் கண்டிருக்கக்கூடிய, தொப்பியும் குடையுமாக வந்து புத்தி சொல்லும் அந்தப் பூச்சி, மூலத்தில், பொம்மையைச் செதுக்கி அதற்குத் தகப்பனாகும் ஜெப்பெத்தோவின் வீட்டுச் சுவரில் நூறாண்டுகளுக்கும் மேலாகக் குடியிருக்கும் பேசும் சுவர்க்கோழி. அது அறிவுரை சொல்ல வாயெடுத்ததும் பினோக்கியோ மரச்சுத்தியலை வீசி எறிகிறான்; அது சுவரோடு ஒட்டிச் செத்துப்போகிறது. 1940இல் டிஸ்னி நிறுவனம் அதைப் படம் முழுவதும் கூடவே வரும் துணைவனாக ஆக்கிவிட்டது. அந்தப் படத்தின் அழகை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு மூலத்தை அளப்பது முறையாகாது.

தாலோவின் படம் 2012இல் வெனிஸ் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. காட்சிகளை வடிவமைத்த லொரென்சோ மத்தொத்தி பெயர்பெற்ற சித்திரக்கதை ஓவியர். இக்கதையின் நூல் பதிப்பு ஒன்றுக்கும் முன்பே படம் வரைந்தவர். ஆகவே இப்படத்தைக் கதைக்காக ஒரு முறையும், வண்ணத்துக்காக ஒரு முறையும் பார்க்கலாம் என்பேன். இசையமைத்த பாடகர் லூச்சோ தால்லா, பச்சை மீனவன் பாத்திரத்துக்குக் குரலும் கொடுத்தார். படம் விழா மேடையை எட்டும் முன்பே, அவ்வாண்டு மார்ச் 1ஆம் தேதி காலமானார்.

கேள்வி: பொய் சொன்னால் மூக்கு நீளும் என்பதுதானே இக்கதையின் சாரம்?

பதில்: இல்லை, பசிதான் சாரம் என்பது என் கட்சி. ஜெப்பெத்தோவின் அறைச் சுவரில் ஓர் அடுப்பு எரிகிறது, அதன்மேல் பானை கொதித்து ஆவி பறக்கிறது. அத்தனையும் வெறும் ஓவியம். பசி தாங்காமல் பானையைத் திறக்க ஓடிய பினோக்கியோ உண்மை தெரிந்து ஏமாந்து நிற்கும்போது, அவனுடைய மூக்கு நாலு விரற்கடை நீண்டுவிடுகிறது. அப்போது அவன் எந்தப் பொய்யும் சொல்லியிருக்கவில்லை! அவனைச் செதுக்கிக்கொண்டிருக்கும்போதே மூக்கு தன்போக்கில் வளர்ந்தது. ஜெப்பெத்தோ வெட்ட வெட்ட நீண்டது. பொய்க்கும் மூக்குக்குமான தொடர்பு பதினேழாம் அத்தியாயத்தில்தான் வருகிறது. பையனுக்கு அரிச்சுவடி வாங்குவதற்காகத் தகப்பன் பனிக்காலத்தில் தன் ஒட்டுப்போட்ட கோட்டை விற்றுவிட்டு, அது உடம்புக்குச் சூடாக இருந்தது என்று காரணம் சொல்கிறாரே, அது பொய்யில்லாமல் வேறென்ன? அவருடைய மூக்கு மட்டும் நீளவில்லை. அந்த அரிச்சுவடியைத்தான் பையன் பொம்மலாட்டம் பார்ப்பதற்காக நாலு காசுக்கு விற்றுத் தீர்க்கிறான். மூலக்கதையைப் படிப்பவர், நீதியைத் தேடுவதற்கு முன் இந்த வறுமையைப் பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: கடைசியில் ஜெப்பெத்தோவை விழுங்குவது திமிங்கிலமா, சுறாவா?

பதில்: டிஸ்னி படத்தில் திமிங்கிலம், கொலோடியின் எழுத்தில் வாலை விட்டுவிட்டு அளந்தாலே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள ராட்சதச் சுறா. அதற்கு ஆஸ்துமாவும் படபடப்பும் உண்டு. மூச்சு முட்டுவதால் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறது. அந்த வாய் வழியாகத்தான் தகப்பனும் மகனும் தப்பிக்கிறார்கள்.

கேள்வி: சொந்தக் கதையை இத்தாலியர்கள் தாலோவின் படத்துக்கு முன் அனிமேஷனாக எடுக்கவே இல்லையா?

பதில்: எடுத்தார்கள். ஜூலியானோ சென்சி 1971இல் மூலக்கதையை ஒட்டியே முழுநீளப் படம் ஒன்றைத் தந்தார். அதற்கும் முன்னால், 1930களின் நடுவில், ரோமில் ஒரு குழு தொடங்கிய படம் முடிவடையவில்லை. திரைக்கதையையும் ஓரிரு நிழற்படங்களையும் தவிர அதில் எதுவும் எஞ்சவில்லை. சில ஆண்டுகளுக்குள் அமெரிக்காவிலிருந்து டிஸ்னியின் படம் வந்துவிட்டது.