பாராட்டுத் தீர்மானத்தால் யாருக்கு என்ன பயன்? – கேள்வி பதில்

அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்கள் நிறைவேற்றும் பாராட்டு, இரங்கல் தீர்மானங்களைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: ஐயா, எங்கள் தமிழ்ப் பள்ளி ஆசிரியை ஒருவரைப் பாராட்டி மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. இதனால் அவருக்குச் சட்டப்படி என்ன கிடைக்கும்?

பதில்: ஒன்றும் கிடைக்காது. பணம், பதவி, சலுகை எதுவும் இல்லை. முத்திரையிட்ட பிரதி ஒன்று கைக்கு வரும். அவைக் குறிப்பில் பெயர் ஏறும். பிரதியைத்தான் எல்லோரும் கண்ணாடிச் சட்டகம் போட்டு மாட்டுகிறார்கள். எனக்கு அவைக் குறிப்புதான் பெரிதாகப் படுகிறது. அரசு ஆவணத்தில் இடம்பெறும் ஆசிரியைகள் எத்தனை பேர்?

கேள்வி: சட்ட வலிமை இல்லாததற்கு அவையின் நேரத்தை ஏன் செலவிட வேண்டும்?

பதில்: உறுப்பினருக்கும் தொகுதிக்கும் உள்ள உறவுக்காக. வரி மசோதாவில் உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்பது பலருக்குத் தெரியாது; தங்கள் ஊர்ப் பள்ளி அணி வென்றபோது அவையில் அதன் பெயரை வாசித்தார் என்பது நினைவிருக்கும். வாக்குக் கணக்கும் இதில் உண்டு, அதை மறைப்பானேன்? ஆனால் இறந்தவரின் குடும்பம் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்திருக்க, இரு கட்சியினரும் எழுந்து நிற்பதை வெறும் கணக்கு என்று தள்ளிவிடவும் முடியாது.

கேள்வி: உறுப்பினர்கள் இவற்றைப் படித்துவிட்டுத்தான் வாக்களிக்கிறார்களா?

பதில்: இதற்கு டெக்சாஸ் 1971-இலேயே பதில் சொல்லிவிட்டது. வேக்கோ நகரைச் சேர்ந்த டாம் மூர் என்ற உறுப்பினர், ஆல்பர்ட் டிசால்வோ என்பவரைப் பாராட்டி அம்மாநிலக் கீழவையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். மக்கள்தொகைக் கட்டுப்பாட்டிலும் உளவியலிலும் அவர் கையாண்ட வழக்கத்துக்கு மாறான முறைகளை அது புகழ்ந்தது. அவை ஒருமனதாக நிறைவேற்றியது. டிசால்வோ யார்? பாஸ்டனில் பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொன்றதாக ஒப்புக்கொண்டு, அப்போது சிறையில் இருந்தவர்! சக உறுப்பினர்கள் எதையும் படிக்காமல் கை தூக்குகிறார்கள் என்று காட்டவே மூர் இதைச் செய்தார். பிறகு தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கொலையுண்ட பெண்களின் குடும்பங்களை நினைத்தால் அந்த வேடிக்கை எனக்கு ரசிக்கவில்லை. அவர் காட்ட நினைத்தது மட்டும் உண்மை.

கேள்வி: அப்படியென்றால் தடை செய்துவிடலாமே?

பதில்: தலைநகர் வாஷிங்டனில், நாடாளுமன்ற அளவில் ஓரளவு செய்தார்கள். குறிப்பிட்ட நாளையோ வாரத்தையோ சிறப்பு நாளாக அறிவிக்கும் நினைவுத் தீர்மானங்களைப் பிரதிநிதிகள் சபை 1995-இல் தன் விதிகளிலேயே தடுத்தது. மாநிலங்களுக்கு அது பொருந்தாது. டெக்சாஸ் கீழவையில் பாராட்டு, இரங்கல் தீர்மானங்களுக்கென்று தனி நிரல் உண்டு; அதில் உள்ளவற்றை மொத்தமாக நிறைவேற்றிவிடுவார்கள். நேரம் மிச்சமாகும், கவனமும் கூடவே மிச்சமாகிவிடும் என்பதுதான் என் குறை.

கேள்வி: நம் ஊர்ச் சட்டப்பேரவைத் தீர்மானங்களும் இப்படித்தானா?

பதில்: இரங்கல் தீர்மானம் ஏறக்குறைய இதே வகை. 1967 ஜூலை 18 அன்று மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடக் கோரிய தீர்மானம் வேறு. அதுவும் தானாகப் பெயரை மாற்றிவிடவில்லை. நாடாளுமன்றம் சட்டம் இயற்றிய பிறகு, 1969 ஜனவரி 14 அன்றுதான் பெயர் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது ஒன்றைக் கேட்ட தீர்மானம். பாராட்டுத் தீர்மானம் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. அதனால்தான் எதிர்ப்பாரும் அரிது.

கேள்வி: எங்கள் சங்கத்தின் வெள்ளிவிழாவுக்கு ஒன்று பெற வேண்டும். யாரை அணுகுவது?

பதில்: உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தை. ஆளுநர் மாளிகைக்கு எழுதினால் கிடைப்பது பிரகடனம், அது வேறு. சங்கம் தொடங்கிய ஆண்டு, செய்த பணிகள், சரியான எழுத்துக்கூட்டலுடன் பெயர்கள் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் கொடுங்கள். வரைவை அலுவலக ஊழியர்களே எழுதுவார்கள். கூட்டத்தொடர் எப்போது என்று முதலில் விசாரியுங்கள். டெக்சாஸில் வழக்கமான தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், அதிகபட்சம் 140 நாட்கள். விழா இரட்டைப்படை ஆண்டில் வந்தால், உறுப்பினர் தம் பெயரில் தரும் பாராட்டுச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். வரைவு வந்ததும் பெயர்களை இன்னொரு முறை சரிபாருங்கள். அவையில் யாரும் அதைச் செய்யப் போவதில்லை.