நாடக வகுப்பில ஃபோன்: கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிற ஆசிரியர் பதில் சொல்லுறார்.

சேர், வீட்டில தனியப் பழகேக்க ஃபோனில எடுத்துப் பார்க்கலாமா? (ஏ.எல். மாணவி, சாவகச்சேரி)

எடுங்கோ பிள்ளை. ஆனா முன் கமராவைப் பார்த்து நடிக்க வேண்டாம். அது கண்ணாடி மாதிரி இடம் வலம் மாத்திக் காட்டும். கண்ணும் உங்கட முகத்திலேயே ஒட்டிப்போகும், எதிர நிக்கிற பாத்திரம் மறைஞ்சிடும். பின் கமராவை இடுப்பு உயரத்தில வைச்சு, பாதமும் தெரிய எடுங்கோ. முதல்தரம் சத்தத்தை நிப்பாட்டிப் பாருங்கோ. வசனமில்லாமல் விளங்குதோ எண்டு தெரியும். அடுத்த தரம் ஃபோனைக் கவிட்டு வைச்சுக் கேளுங்கோ. குரல் எட்டுமோ எண்டதுக்கு மட்டும் ஃபோனை நம்பாதேங்கோ. அது மெல்லிய குரலைத் தூக்கும், பெரிய குரலை அமத்தும். சிநேகிதியைக் கடைசி வாங்கில இருத்துங்கோ.

எந்த ஃபோன் நல்லது?

கையில இருக்கிறது.

ஒத்திகைக்கு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கினனாங்கள். பாட்டுக்கு ஆட்டம் பிந்துது.

பிந்துறது பிள்ளைகள் இல்லை, ஸ்பீக்கர். ப்ளூடூத்தில சத்தம் 0.2 வினாடி சுணங்கிறது சாதாரணம். ஒலி வினாடிக்கு 340 மீற்றரளவு போகும். அப்ப, மத்தளகாரரை 70 மீற்றர் தள்ளி இருத்திப்போட்டு ஆடுறியள். வயர் போடுங்கோ.

ஸூமில கூத்துப் பழக்கலாமா?

கதை சொல்லலாம், வசனம் திருத்தலாம். சேர்ந்து பாடவோ ஆடவோ ஏலாது. அதே சுணக்கம்தான்.

வீடியோவில மேடை வெளிச்சம் கோடு கோடா ஓடுது.

எங்கட மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், வெளிச்சமும் அதோட சேர்ந்து துடிக்கும். கமராவில ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 வினாடியில வையுங்கோ.

எங்களுக்குக் கூத்துப் பழக்கிற அண்ணாவியாருக்கு வயசு போட்டுது. அவற்ற வீடியோவைப் பார்த்தே பழகினால் என்ன? (வட்டுக்கோட்டை)

அந்த அண்ணைக்கு: கூத்து வீடியோவில வராது. (காரைநகர்)

வீடியோ இல்லாட்டி எங்கட பிள்ளையளுக்குக் கூத்தே மிஞ்சாது தம்பி. (வட்டுக்கோட்டை)

இதில வட்டுக்கோட்டை அண்ணையின்ர பயம் எனக்கும் இருக்கு. அதுக்காக வீடியோவை அண்ணாவியார் ஆக்க ஏலாது. வீடியோவை அரை வேகத்தில ஓட விடலாம், ஆனா உங்கட கால் எங்க பிசகுது எண்டு அது பார்க்காது. அண்ணாவியார் பார்ப்பார், தாளத்தைத் தாழ்த்துவார், திரும்ப ஏத்துவார். அவர் இருக்கேக்கயே ஒரு பிள்ளையை அவருக்கு முன்னால நிப்பாட்டி, அவர் திருத்திறதையும் சேர்த்து எடுங்கோ. எல்லாரும் ஆட்டத்தை முன்னால நிண்டு எடுக்கினம். பின்னால நிண்டும் எடுங்கோ. அப்பதான் பார்க்கிறவருக்கு இடது இடதாகவே இருக்கும். பாட்டைத் தனிய, மத்தளத்தைத் தனிய, பிறகு ரெண்டையும் சேர்த்துப் பதியுங்கோ. எடுக்க முதல் அவரிட்டச் சம்மதம் கேளுங்கோ.

சேர், சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர் எண்டால் பரவாயில்லையா?

வயர், தம்பி. மேல சொல்லியிருக்கிறன்.

காரைநகரில இருந்து திரும்பவும்: பின்னால நிண்டு எடுத்தால் முகபாவம்?

ரெண்டு ஃபோன் வையுங்கோ. தொடங்கேக்க ஒருதரம் கை தட்டினால், ரெண்டு பதிவையும் அந்தச் சத்தத்தில பொருத்தலாம்.