பொங்கல் சமயப் பண்டிகையா, வெறும் அறுவடைத் திருநாளா?

பொங்கலுக்குச் சமய வேர் உண்டா, அல்லது அது உழவர்களின் அறுவடைத் திருநாள் மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பர்மாவில் பெகு பக்கத்து நெல்வயல் கிராமமொன்றில் பிறந்து வளர்ந்தவன். 1852-இல் பெகு வெள்ளையர் வசமான பிறகு, கீழ்பர்மாவின் சதுப்பு நிலங்கள் வயலாகிக்கொண்டிருந்த காலத்தில், கதிர் அறுக்கக் கப்பலேறி வந்தவர்களின் வழியில் வந்த குடும்பம் எங்களுடையது. பொங்கலின் சமயத்தை ஏதேனும் ஒரு தெய்வத்தின் கதையில் தேடினால் கிடைக்காது என்பதே என் கருத்து. புதிதாக விளைந்ததைப் படைக்காமல் உண்ணக் கூடாது என்ற கட்டுப்பாட்டில்தான் அது இருக்கிறது.

எங்கள் ஊரில் மார்கழிக்குள் அறுவடை முடிந்து புதுநெல் களத்திலிருந்து வீட்டுக்கு வந்துவிடும். ஆனாலும் தை பிறக்கும் வரை என் அப்பாயி அதிலிருந்து ஒரு பிடி அரிசியைக்கூட உலையில் போட விடமாட்டார். பழைய நெல் தீர்ந்துபோன ஓர் ஆண்டில் கடையில் அரிசி வாங்கிச் சாப்பிட்டோமே தவிர, புதுநெல் மூட்டையைப் பிரிக்கவில்லை. தை முதல் நாள் காலையில் வாசலில் மூன்று கல் கூட்டி, மஞ்சள் கொத்துக் கட்டிய புதுப்பானையில் பால் ஊற்றி, அது பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்த பின்புதான் களைந்து வைத்த புத்தரிசியைப் போடுவார். மேல்பர்மாவிலிருந்து வரும் பனைவெல்லமே இங்கு எளிதில் கிடைக்கும் என்பதால் எங்கள் பொங்கல் சற்றுக் கறுத்தே இருக்கும். சூரியனுக்குப் படைத்து, கற்பூரம் காட்டி, காக்கைக்கும் வைத்த பிறகே எங்கள் இலைக்கு வரும்.

இந்தக் கட்டுப்பாடு மிகப் பழையது. புறநானூற்றின் 168-ஆம் பாட்டில், முந்தி விளைந்த தினையை நல்ல நாளில் புதிதாக உண்பதற்காக, மான்கறி வேகவைத்த பானையைக் கழுவாமலே அடுப்பிலேற்றி, அதில் மரையா என்னும் காட்டுப்பசுவின் பாலை உலையாக ஊற்றி, சந்தன விறகெரித்துக் குறவர்கள் சமைக்கிறார்கள். புதிய தானியம், பால், நல்ல நாள் ஆகிய மூன்றும் அங்கேயே சேர்ந்துவிட்டன. தைத் திங்களில் நோன்பிருப்பதும் குளிர்ந்த குளத்தில் நீராடுவதும் நற்றிணையில் வருகின்றன. ஆகவே, சமயம் பிற்காலத்தில் ஒட்டவைக்கப்பட்டது என்று சொல்வோரை என்னால் ஏற்க இயலவில்லை.

பொங்கல் என்பது மகர சங்கராந்தியின் தமிழ்ப் பெயர் மட்டுமே என்று சொல்வோரையும் ஏற்க இயலவில்லை. சூரியன் மகர ராசியில் புகும் நாள் என்ற கணக்கு, பண்டிகைக்கு நாளைக் குறித்துக் கொடுத்தது. பானையை ஏற்றிய காரணம் வேறு. அந்தக் கணக்கும்கூட நகர்ந்திருக்கிறது. சூரியன் வடக்கு நோக்கித் திரும்பும் உத்தராயணம் உண்மையில் டிசம்பர் 21 அல்லது 22-இல் தொடங்குகிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் அதனோடு ஒன்றியிருந்த சங்கராந்தி, நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை அடிப்படையாகக் கொண்டதால், மூன்று வாரத்துக்கு மேல் தள்ளி வருகிறது.

போகி இந்திரனுக்குரியது என்பார்கள். மழை தந்தவனுக்கு முதல் நாள், வெயில் தந்தவனுக்கு மறுநாள், உழுத மாட்டுக்கு அதற்கடுத்த நாள். பர்மாவில் இதை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழாவான திஞ்ஜானின்போது பூமிக்கு இறங்கி வருவதாகப் பர்மியர் நம்பும் தஜாமின்னும் அதே இந்திரன்தான். உழுது சோறு போட்ட விலங்கு என்ற நன்றியால் மாட்டிறைச்சியைத் தொடாத பௌத்த உழவர்கள் எங்கள் பகுதியில் பலர் உண்டு. மாட்டுப் பொங்கலன்று எங்கள் மாடுகளின் கழுத்தில் மாலையைப் பார்க்கும்போது, அவர்கள் நின்று ஒரு முறை தடவிக் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள்.

பர்மியருக்கும் அறுவடைப் படையல் உண்டு. தபோத்வே மாதப் பௌர்ணமியை ஒட்டி, பெரும்பாலும் பிப்ரவரியில், ஒட்டும் அரிசியோடு தேங்காய், எள், நிலக்கடலை, இஞ்சி சேர்த்து, துடுப்பு போன்ற நீண்ட மரக்கட்டைகளால் பெரிய கடாயில் ஆண்கள் கிண்டும் தமனே அது. வேர்க்க விறுவிறுக்கக் கிண்டி முடித்ததும் முதற்பங்கு புத்தருக்கும் பிக்குகளுக்கும் போகும், பிறகுதான் தெருவுக்கு. அடுத்த வீட்டுப் பர்மியப் பாட்டி வாழையிலையில் பொதிந்த தமனேயைக் கொண்டுவரும்போது, அப்பாயி இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு, புத்தருக்கு வைத்தாயிற்றா என்று தமக்குத் தெரிந்த பர்மிய மொழியில் கேட்பார். அவர் தலையசைத்த பிறகே எங்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்.