நான்கு நாளாகியும் இறங்காத காதுத் தண்ணீர்

கேள்வி: எனக்கு வயது 41. ஈரோட்டில் இருக்கிறேன். 8 வயது மகளை நீச்சல் வகுப்பில் சேர்த்தபோது, சும்மா கரையில் உட்கார்ந்திருப்பானேன் என்று நானும் சேர்ந்துகொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை இடது காதுக்குள் தண்ணீர் போனது. நான்கு நாளாகியும் இறங்கவில்லை. காது கும்மென்று அடைத்திருக்கிறது; நான் பேசுவது எனக்கே பானைக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருக்கிறது. ஒற்றைக் காலில் குதித்துப் பார்த்தேன், பட்ஸ் விட்டும் பார்த்தேன். அன்றைக்கு மூக்கிலும் தண்ணீர் ஏறியது. சாயங்காலம் செருப்பு மாட்டக் குனிந்தபோது மூக்கிலிருந்து தண்ணீராகக் கொட்டியது. காதில் போனதுதான் மூக்கு வழியாக வந்ததா? பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி விடலாம் என்கிறார் அம்மா. எனக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன். மகளுக்கு இப்படி ஆனால் என்ன செய்வது?

பதில்: சர்க்கரை உண்டு என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, நான் அடிக்கோடிட்டது அந்த வரியைத்தான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

காதில் தண்ணீர் நான்கு நாள் நிற்காது. உள்ளே போவது சில சொட்டுகள். உடம்புச் சூட்டிலேயே அது ஓரிரு நாளில் காய்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை போன தண்ணீர் அநேகமாகத் திங்கட்கிழமையே போயிருக்கும். அது உள்ளே என்னத்தைக் கிளறிவிட்டுப் போனதோ, அதைத்தான் நீங்கள் தண்ணீர் என்று நினைத்துக் குதித்துக்கொண்டிருக்கிறீர்கள். முதல் நாள் அடைப்புக்குச் செய்ய வேண்டியது வேறு, நான்காம் நாள் அடைப்புக்குச் செய்ய வேண்டியது வேறு. என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் முதல் நாள் வைத்தியத்தை ஒரு வாரம் செய்துவிட்டு வருகிறவர்கள்.

முதல் நாள் கதையைச் சொல்லிவிடுகிறேன், மகளுக்கு உதவும். காதுத் துளையிலிருந்து செவிப்பறை வரையுள்ள குழாய் பெரியவர்களுக்குச் சுமார் 2.5 செ.மீ. நீளம். நேராகவும் இருக்காது, கொஞ்சம் வளைந்து போகும். அதன் உள்முனையைச் செவிப்பறை, அதாவது நாம் காது ஜவ்வு என்று சொல்வது, முழுக்க மூடியிருக்கிறது. இளநீரில் ஸ்ட்ராவை விட்டு மேல்முனையை விரலால் அடைத்துத் தூக்கிப் பாருங்கள், உள்ளே இருக்கும் நீர் கீழே விழாது. விரலை எடுத்துக் காற்றுக்கு வழி விட்டால்தான் இறங்கும். ஒருபக்கம் மூடிய காதுக்குழாயிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். அதனால்தான் வெறுமனே தலையைச் சாய்த்தால் சில சமயம் வராது.

வளைவை நேராக்கினால் காற்றுக்கு வழி கிடைக்கும். தண்ணீர் போன காது கீழே இருக்கும்படி தலையை நன்றாகச் சாய்த்துக்கொண்டு, பெரியவர்கள் காது மடலை மேலேயும் பின்னாலும் இழுக்க வேண்டும். சின்னக் குழந்தைகளுக்குக் குழாயின் போக்கே வேறு. மடலைக் கீழேயும் பின்னாலும் இழுக்க வேண்டும். உங்கள் மகள் வயதில் இரண்டையும் செய்து பார்த்து, எதற்கு இறங்குகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் வராவிட்டால் அந்தக் காதைத் தலையணையில் வைத்துக் கால் மணி நேரம் படுத்தால் போதும். ஹேர் டிரையர் இருந்தால் இருப்பதிலேயே குறைந்த சூட்டில், ஒரு அடி தள்ளிப் பிடித்து அரை நிமிடம் காட்டலாம். கிணற்றில் குளித்து வளர்ந்தவர்கள் வெயிலில் காய்ந்த கூழாங்கல்லைக் காதில் பொத்திக்கொண்டு தலையைச் சாய்த்து நின்றிருப்பார்கள். நானும் நின்றிருக்கிறேன். வேலை செய்தது பெரும்பாலும் சாய்ந்து நின்றதுதான். ஆனாலும் அந்தக் கல் யாருக்கும் கெடுதல் செய்ததில்லை, பட்ஸைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

தலையை வேகமாக உதறுவது வேண்டாம், முக்கியமாகக் குழந்தைகளுக்கு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2019-இல் கண்ணாடிக் குழாய்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். குழாய் எவ்வளவு குறுகலோ, தண்ணீரை உதறி வெளியேற்ற அவ்வளவு அதிக விசை தேவைப்பட்டது. சிறு குழந்தையின் காது அளவுக் குழாய்க்குப் புவியீர்ப்பைப் போல் சுமார் 10 மடங்கு. நாலு சொட்டுத் தண்ணீருக்காக அவ்வளவு விசையோடு ஒரு குழந்தையின் தலையைக் குலுக்கக் கூடாது, மூளை தாங்காது.

சரி, இப்போது உங்கள் நான்காம் நாளுக்கு வருவோம்.

உங்கள் கடிதத்தை வைத்துப் பந்தயம் கட்டச் சொன்னால் குறும்பி என்றுதான் கட்டுவேன். காது அழுக்கு என்று நாம் இளக்காரமாகச் சொல்லும் குறும்பி உண்மையில் அழுக்கு இல்லை. குழாயின் தோலுக்கு மேல் மெழுகு பூசியதுபோல் இருந்து தண்ணீரையும் கிருமியையும் ஒட்டவிடாமல் பார்த்துக்கொள்வது அது. குழாயில் கொஞ்சம் இடைவெளி இருக்கும்வரை காது நன்றாகவே கேட்கும். குளத்துத் தண்ணீரில் ஊறியதும் குறும்பி உப்பி, மிச்சமிருந்த இடைவெளியையும் அடைத்துவிடும். நீங்கள் விட்ட பட்ஸ் அதில் கொஞ்சத்தைப் பஞ்சில் ஒட்டி எடுத்திருக்கும், மீதியைத் துப்பாக்கிக்கு மருந்து கிட்டிப்பதுபோல் ஜவ்வுப் பக்கமாகக் கிட்டித்திருக்கும். பஞ்சில் மஞ்சளாக எதுவோ வந்ததைப் பார்த்துத் திருப்திப்படுவதுதான் இதில் பெரிய ஏமாற்று. கோழி இறகு, ஹேர்பின், சாவி எல்லாம் இதே ஜாதி, இன்னும் மோசம்.

குறும்பி இல்லாவிட்டால் அடுத்த சந்தேகம் குழாய்த் தோலில் கிருமி. ஈரத்தில் ஊறிய தோலைப் பட்ஸ் சிராய்த்துவிட்டால் கிருமிக்கு அது திறந்த கதவு. வீட்டிலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். காதுத் துளைக்கு முன்னால், கன்னத்தை ஒட்டிச் சின்ன மேடு ஒன்று இருக்கிறதல்லவா, அதை விரலால் அழுத்துங்கள். மடலையும் பிடித்து இழுங்கள். சுரீரென்று வலித்தால் இது குறும்பி மட்டுமில்லை. வலியைவிட அரிப்பு அதிகமாக இருந்து, ஈரமும் கசிந்தால் காளானாக இருக்கலாம். உள்ளே பார்த்தால் நனைந்த காகிதத்தில் கறுப்புப் புள்ளி தெளித்ததுபோல் தெரியும். நம் ஊர் ஈரப்பதத்துக்கு இது சர்வசாதாரணம். கிருமிக்குக் கொடுக்கும் சொட்டு மருந்து காளானுக்குக் கேட்காது, சில சமயம் காளானை வளர்த்தும் விடும். மருந்துக் கடையில் "காதுக்கு ஏதாவது டிராப்ஸ் குடுங்க" என்று வாங்குவதை நான் வேண்டாம் என்பது அதனால்தான்.

இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள், பத்து விநாடி வேலை. வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று இழுங்கள். சத்தம் எந்தக் காதில் பெரிதாகக் கேட்கிறது? அடைத்த காதில்தான் என்றால் நல்லது. வெளியிலோ நடுக்காதிலோ ஏதோ வழியை மறிக்கிறது, எடுத்தால் சரியாகிவிடும். நல்ல காதை விரலால் அடைத்துக்கொண்டு அதையே செய்து பார்த்தால் நான் சொல்வது புரியும். உங்கள் குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்பதும் இந்த வகைதான். மாறாக, அடைத்த காது மந்தமாகவே இருந்து நல்ல காதில் மட்டும் சத்தம் கேட்டால், உள்காது நரம்பு சட்டென்று பாதிக்கப்பட்டிருக்கலாம். அது அவசரம். தண்ணீர்தானே, தானாக இறங்கும் என்று ஒரு மாதம் காத்திருந்துவிட்டு வருகிறவர்களுக்குப் போன கேட்கும் திறனைத் திருப்பிக் கொண்டுவருவது கடினம். முதல் சில நாட்களுக்குள் வந்தால் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது.

அம்மாவின் பூண்டு எண்ணெயைப் பற்றி. அக்கறைக்கு வணக்கம், எண்ணெய்க்கு மட்டும் தடை. காய்ச்சிய எண்ணெயின் சூட்டைப் புறங்கையில் விட்டுப் பார்த்து முடிவு செய்கிறோம், காதுக்குள் இருக்கும் தோல் புறங்கையைவிட எத்தனையோ மெல்லியது. ஏற்கெனவே ஈரமாக இருக்கும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் காய்வது இன்னும் தாமதமாகும். ஜவ்வில் ஓட்டை இருந்தாலோ எண்ணெய் நேரே நடுக்காதுக்குப் போய்விடும். பூண்டு எண்ணெயை ரசத்துக்குத் தாளிக்கக் கொடுத்துவிடுங்கள்.

வினிகரையும் ஆல்கஹாலையும் சம அளவு கலந்து சில சொட்டு விடும் முறை ஒன்று உண்டு. நீச்சல்காரர்கள் குளித்து முடித்ததும் விடுவது. ஆல்கஹால் ஈரத்தைக் காயவைக்கும், வினிகரின் புளிப்பில் கிருமி வளராது. முறை சரிதான். ஆனால் ஜவ்வு முழுசாக இருக்கிறது என்று மருத்துவர் பார்த்துச் சொன்னவர்களுக்கு மட்டும், வலி இல்லாதபோது மட்டும், வருமுன் காக்க மட்டும். இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம்.

இனி சர்க்கரை. மற்றவர்களுக்கு ஒரு வாரச் சொட்டு மருந்தில் அடங்கிவிடும் வெளிக்காதுக் கிருமி, சர்க்கரை உள்ளவர்களுக்கு அபூர்வமாகத் தோலைத் தாண்டி மண்டையோட்டின் அடி எலும்புக்குள் இறங்கிவிடும். இரவில் தூங்கவிடாத வலி, காதில் சீழ், வாய் ஒருபக்கம் கோணுவது என்று போய், வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டிவரும். இதன் ஆரம்பம் பல சமயம் வீட்டிலேயே தண்ணீர் பீய்ச்சிக் காதைச் சுத்தம் செய்ததுதான். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. வலி இல்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. ஆனால் நீங்கள் சிரிஞ்சு வைத்துத் தண்ணீர் அடிப்பதோ, தெரிந்த கம்பவுண்டரிடம் காட்டி அடித்துக்கொள்வதோ கூடாது. காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துக்கொண்டே உறிஞ்சி எடுப்பார், ஈரம் படாது. வலி தொடங்கினால் அன்றைக்கே போய்விடுங்கள்.

மூக்குக் கேள்விக்கு நேரான பதில்: இல்லை. ஜவ்வு முழுசாக இருக்கும்வரை காதில் போன தண்ணீருக்கு மூக்குக்கு வழியே கிடையாது. நீங்கள் குனிந்தபோது கொட்டியது மூக்கு வழியாகவே ஏறி, கன்ன எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறையில் தங்கிய தண்ணீர். அந்த அறையின் வாசல் தரையோரம் இல்லை, கூரையோரம் இருக்கிறது. நிமிர்ந்து நிற்கும்வரை உள்ளே போனது வெளியே வராது. செருப்பு மாட்டக் குனிந்ததும் கூரை கீழே வந்துவிட்டது, தண்ணீர் வாசலைக் கண்டுபிடித்தது, அவ்வளவுதான். இனிமேல் குளத்திலிருந்து ஏறியதும் தரையில் மண்டியிட்டு உச்சந்தலை தரையைத் தொடும்படி குனிந்து, தலையை இடமும் வலமுமாக மெதுவாகத் திருப்புங்கள். தலைசுற்றல் உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம். அப்புறம் மூக்கைச் சிந்தும்போது ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை மெதுவாகச் சிந்துங்கள். இரண்டையும் அழுத்திப் பிடித்து முக்கிச் சிந்தினால் மூக்கில் இருப்பது, பின்னால் நடுக்காதுக்குப் போகும் குழலில் ஏறும். காதுக்கும் மூக்குக்கும் இடையே இருக்கும் உண்மையான வழி அது.

மூக்கு எரிச்சல் தீரவில்லை என்றால் உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவலாம். அரை லிட்டர் தண்ணீருக்கு முக்கால் தேக்கரண்டிக்குக் கொஞ்சம் கூடுதலாக அயோடின் சேர்க்காத உப்பு. இது ஏறக்குறைய நம் ரத்தத்தின் உப்பளவு என்பதால் எரியாது. தண்ணீர் கொதித்து ஆறியதாகத்தான் இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரையோ அப்படியே விடக் கூடாது. மூளையைத் தின்னும் அமீபா என்று செய்தியில் படித்திருப்பீர்கள். 2024-இல் கேரளத்தில் குளங்களில் குளித்த குழந்தைகள் சிலர் அதனால் இறந்தார்கள். அது குடித்தால் வராது, காது வழியாகவும் வராது. வெதுவெதுப்பான நன்னீர் மூக்கின் உச்சிக்கு ஏறினால் அதிலுள்ள அமீபா அங்கிருந்து மூளைக்குப் போகும். மிக அபூர்வம்தான். குளோரின் சரியாகப் போட்ட நீச்சல் குளத்தில் கவலையில்லை. தேங்கிய குட்டையில் குழந்தைகளைக் குதிக்க விடாதீர்கள். அப்படிக் குளித்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கடுமையான தலைவலியும் வாந்தியும் வந்தால், எங்கே குளித்தார்கள் என்பதையும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மகளுக்குச் சளி இருக்கும் நாட்களில் வகுப்புக்கு மட்டம் போடச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு மூக்கிலிருந்து நடுக்காதுக்குப் போகும் அந்தக் குழல் குட்டையாகவும் படுக்கைவாட்டமாகவும் இருப்பதால் சளி சுலபமாகக் காதுக்கு ஏறிவிடும். முன்பு எப்போதாவது காதில் சீழ் வடிந்திருந்தால் ஜவ்வைக் காட்டிவிட்டு நீந்தட்டும். கால்பக்கமாகக் குதிக்கும்போது மூக்கால் காற்றை விட்டுக்கொண்டே இறங்கக் கற்றுக்கொடுங்கள், மூக்கில் தண்ணீர் ஏறுவது பாதிக்கு மேல் குறையும்.

உங்களுக்கு, காது சரியாகும்வரை நீச்சல் கிடையாது. தலைக்குக் குளிக்கும்போது பஞ்சில் வாஸ்லின் தடவிக் காதில் வைத்துக்கொள்ளுங்கள், குளித்ததும் எடுத்துவிடுங்கள். இந்த வாரத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள். போவதற்கு முன்னால், டாக்டர் பார்ப்பாரே என்று காதை ஒருமுறை பட்ஸால் சுத்தம் செய்துவிட்டு மட்டும் போகாதீர்கள். நிறையப் பேர் செய்கிறார்கள்.