வாளித் தண்ணீரில் கால்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. 11 வயதில் ஓர் ஆலோசனை மையத்தில் ஐக்யூ பார்த்தோம், 121 வந்தது. போன மாதம் மறுபடி பார்த்ததில் 106. அன்று காலையும் வழக்கம்போல் நாலரைக்கே எழுந்து படித்துவிட்டுத்தான் போனான். மூளை வளர்ச்சி நின்றுவிட்டதா? செல்போன்தான் காரணம் என்கிறார் மனைவி. கைரேகையை வைத்து மூளைத்திறனைச் சொல்லும் பரிசோதனைக்குப் போகச் சொல்கிறார் மைத்துனர். வல்லாரை கொடுக்கலாமா? பதினொன்றாம் வகுப்புக்கு விடுதிப் பள்ளியில் சேர்த்தால் சரியாகிவிடுமா?

செ., கோபிச்செட்டிபாளையம்

அன்புள்ள செ.,

இத்தனை கேள்விகளில், கேள்வியே இல்லாத ஒரு வரிதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. ‘வழக்கம்போல் நாலரைக்கே எழுந்து.’ எங்கள் எதிர்வீட்டு மொட்டைமாடியில் ஒரு வாரமாக அந்த நேரத்தில் விளக்கு எரிகிறது. ஒரு சின்னப்பெண் புத்தகத்தோடு நடந்துகொண்டே படிக்கிறாள். நேற்று தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். அதே நினைப்பில் இருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் அந்த எண்ணை முடித்துவிடுகிறேன். ஐக்யூ என்னும் நுண்ணறிவு எண், ஒத்த வயதுப் பிள்ளைகளோடு வைத்துப் பார்க்கும் கணக்கு. பழைய முறையில் மன வயதை, அதாவது அறிவு எத்தனை வயதுப் பிள்ளைக்கு நிகராக இருக்கிறதோ அதை, உடல் வயதால் வகுத்து நூறால் பெருக்குவார்கள். அப்படிப் போட்டுப் பாருங்கள்: 11 வயதில் 121 என்றால் மன வயது 13.3, 14 வயதில் 106 என்றால் 14.8. பையன் வளர்ந்துதான் இருக்கிறான். இப்போது கணக்கிடும் விதம் வேறு, ஆனால் ஒப்பீடு இன்றைக்கும் சம வயதுக்காரர்களோடுதான். லண்டனில் 2004இல் 12 முதல் 16 வயது வரையுள்ள 33 பிள்ளைகளைச் சோதித்தார்கள். மூன்று நான்கு வருடம் கழித்து அதே பிள்ளைகளைத் திரும்பச் சோதித்தபோது சிலருக்கு 20 புள்ளி வரை ஏறியிருந்தது, சிலருக்கு அதே அளவுக்கு இறங்கியிருந்தது. மூளை ஸ்கேனிலும் அதற்கேற்ற மாற்றம் தெரிந்தது. 2011இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு இது. அந்த வயதில் எண் ஏறும், இறங்கும். அதிலும் உங்கள் பையன் தூக்கக் கலக்கத்தில் எழுதியிருக்கிறான். காய்ச்சலோடு ஓடவிட்டு, ஏன் பிந்தினாய் என்று கேட்பீர்களா?

மூளை வளர்ச்சி நிற்கவில்லை. எள்ளுக்காட்டில் பயிர் கலைப்பதைப் பார்த்திருப்பீர்கள். நன்றாக முளைத்து நிற்கும் செடிகளைப் பெண்கள் வரிசையாகப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே போவார்கள். தெரியாதவனுக்கு வயிறு எரியும். மூளையிலும் இதுதான் நடக்கிறது. அமெரிக்காவில் மூளை ஆய்வாளர் ஜே கீட் குழுவினர் பிள்ளைகளை வருடக்கணக்கில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து 1999இல் எழுதினார்கள்: முன்மூளையில் நரம்புச் செல்கள் நிறைந்த சாம்பல் பொருள் பெண்பிள்ளைகளுக்கு 11, பையன்களுக்கு 12 வயதுவாக்கில் உச்சத்துக்குப் போய், பிறகு குறைகிறது. புழங்காத நரம்பு இணைப்புகள் கழிகின்றன. நிற்கிற நரம்பிழைகளின்மேல் கொழுப்புறை ஏறி, செய்தி வேகமாக ஓடுகிறது. 20 வயது தாண்டியும் இந்த வேலை நடக்கிறது. கலக்க விதைத்தால் களஞ்சியம் நிறையும், அடர விதைத்தால் போர் உயரும் என்பார்கள் இல்லையா, அதுதான்.

சரி, தூக்கத்துக்கு வருகிறேன்.

1970களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தூக்க ஆய்வாளர் மேரி கார்ஸ்கேடன் கோடைதோறும் பிள்ளைகளை முகாமுக்கு அழைத்து, இரவுக்குப் பத்து மணி நேரம் படுக்கவைத்துப் பார்த்தார். வளர வளரத் தூக்கம் குறையும் என்பதுதான் எல்லோருடைய நினைப்பும். குறையவில்லை. பெரிய பிள்ளைகளும் சின்னப் பிள்ளைகளைப் போலவே ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தூங்கினார்கள். தூங்கியும், பகலில் கூடுதலாகக் கண் சொருகியது பெரிய பிள்ளைகளுக்குத்தான். பருவமடையும்போது உடம்பின் கடிகாரமே பின்னுக்குப் போகிறது, பொழுது சாய்ந்ததும் சுரக்கவேண்டிய மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் தாமதமாகச் சுரக்கிறது என்பதெல்லாம் பிறகு தெரியவந்தது. ‘ஒன்பது மணிக்கே போய்ப் படுடா’ என்றால் அவன் படுப்பான், தூக்கம் வராது. பதினொன்றுக்குத் தூங்கினான் என்றே வையுங்கள். நாலரைக்கு எழுப்பினால் ஐந்தரை மணி நேரம். அந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். கனவுத்தூக்கம் பெரும்பாலும் பின்னிரவில்தான் கூடி வருகிறது. நீங்கள் தினமும் வெட்டி எறிவது அதைத்தான். கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே போட்டு, 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது.

பிரம்ம முகூர்த்தம் என்று உடனே சொல்வீர்கள். என் தாத்தா நாலு மணிக்கு எழுந்தவர்தான். அவர் எட்டு மணிக்குச் சாப்பாடு முடிந்த கையோடு திண்ணையில் சாய்ந்துவிடுவார். நாம் அவர் எழுந்ததை மட்டும் எடுத்துக்கொண்டோம், படுத்ததை விட்டுவிட்டோம்.

எனக்கு அந்த நாலரை மணி நன்றாகத் தெரியும். பத்தாம் வகுப்பில் அப்பா டைம்பீஸை என் தலைமாட்டில் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் வைப்பார், சத்தம் கூடுதலாகக் கேட்கும் என்று. அது அடித்து நான் எழுந்ததும் ஒரு வாளித் தண்ணீர் வரும். காலை அதற்குள் விட்டுக்கொண்டு படிக்க வேண்டும், தூக்கம் வராதாம். மார்கழியிலும் அதே தண்ணீர்தான். சமூக அறிவியல் புத்தகத்தில் பக்ரா நங்கல் அணை இருந்த பக்கத்தை எத்தனை விடியலில் படித்தேனோ! அது எந்த ஆற்றில் இருக்கிறது என்று பரீட்சையில் கேட்டபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் வாளித் தண்ணீர்தான். கரண்ட் போன ஒருநாள் சிம்னி விளக்கின்மேல் சாய்ந்து முன்மயிர் பொசுங்கியது. அந்த வாடை இரண்டு நாள் போகவில்லை.

ஐந்து மணிக்கு அப்பா பால் வாங்க சைக்கிளை எடுப்பார். கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் அம்மா வருவாள். ஒன்றும் பேசமாட்டாள். வாளியிலிருந்து என் காலைத் தூக்கி, விறைத்துச் சுருங்கிய விரல்களை ஒவ்வொன்றாக முந்தானையால் துடைத்து, அப்படியே பாயில் சாய்த்துவிடுவாள். அப்பாவின் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்கும்வரை அரைமணி நேரம். அந்த வருடம் நான் கணக்கில் தேறியதற்கு அந்த அரைமணி நேரம்தான் காரணம் என்று இன்றுவரை நம்புகிறேன். நிரூபிக்கச் சொல்லாதீர்கள். அப்பாவிடம் இதை நாங்கள் இருவருமே கடைசிவரை சொல்லவில்லை.

மற்றவற்றுக்கு அவசரமாக. செல்போனை ராத்திரி வாங்கி வைத்துவிடுங்கள், உங்களுடையதையும் சேர்த்து. கைரேகை கருவிலேயே உருவாகி முடிந்துவிடுகிறது. அந்தப் பையனின் மூளையோ இன்றைக்கும் மாறிக்கொண்டிருக்கிறது. மாறாத ஒன்றைப் பார்த்து மாறுவதைச் சொல்கிறேன் என்பவனுக்கு ஏன் ஐயா பணம் கொடுக்கிறீர்கள்? மைத்துனருக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும். விடுதிப் பள்ளி வேண்டாம். அங்கே பலவற்றில் நாலரைக்குத்தான் மணி அடிக்கிறார்கள், பால் வாங்கப் போகிற அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை.

பையனை நாளைக்கு ஏழு மணிக்கு எழுப்புங்கள். ஒரு மாதம் மட்டும். சண்டை போடவேண்டுமென்றால் அதற்குப் பிறகு எனக்கு எழுதுங்கள்.

வல்லாரையை மறந்தே போனேன். துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், நன்றாக இருக்கும். புளி மட்டும் கொஞ்சம் தூக்கலாக வையுங்கள், இல்லாவிட்டால் கசக்கும்.