ஸ்நெல் ரவுண்ட்ஹேண்ட் எழுத்துரு: கேட்டதும் சொன்னதும்

கே: அழைப்புப் பத்திரிகையில் பெயர் முழுவதையும் இந்த ஆங்கிலக் கையெழுத்துப் பாணி எழுத்துருவில் கேப்பிட்டலாகப் போட்டேன். யாருக்கும் படிக்க வரவில்லையே?

வராதுதான். அந்தக் கேப்பிட்டல்கள் சொல்லின் தொடக்கத்தில் தனியாக நிற்க வரையப்பட்டவை. வரிசையாக வைத்தால் சுழியும் சுழியும் முட்டிக்கொள்ளும். முதலெழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும்.

கே: சார், இதை உருவாக்கியது யார்?

மேத்யூ கார்ட்டர், 1960-களின் நடுவில், லைனோடைப் என்ற அச்சுக்கோப்பு இயந்திர நிறுவனத்துக்காக. மூலம், 17-ஆம் நூற்றாண்டில் பிறந்த ஆங்கிலேய எழுத்தாசான் சார்லஸ் ஸ்நெல்லின் கையெழுத்து. அப்போது ஒளி அச்சுக்கோப்பு, அதாவது எழுத்தை ஒளியால் படச்சுருளில் பதிக்கும் முறை, புதிது. எழுத்து ஈயக் கட்டையிலிருந்து விடுபட்டு வெறும் நிழலாக ஆனதால், ஒன்றின் மேல் ஒன்று ஏறி இணைய முடிந்தது. இந்த எழுத்துருவின் அழகே அந்த இணைப்புதான்.

கே: ஈய எழுத்திலேயே இணைப்பு எழுத்து இருந்ததே? ஒளி அச்சுக்கு ஏன் இத்தனை பாராட்டு?

இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஈயக் கட்டை சதுரம், எழுத்தோ சாய்வு. கட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி அச்சடிக்கும்போது ஒடியும். அதைத் தவிர்க்க 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு எழுத்து வார்ப்பாளர் ஃபிர்மின் தீதோ கட்டையையே சாய்வாக வார்த்தார்.

கே: அப்படியானால் பிரச்சினை அன்றே தீர்ந்துவிட்டதே!

தீர்ந்தது, அச்சுக்கோப்பவர் தலையில் ஏறிக்கொண்டது. சாய்ந்த கட்டைகளை வரியில் நிறுத்த இரு முனையிலும் தனி முட்டுக்கட்டை வேண்டும். தீதோவின் வேலை அபாரம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுத்துகள் தாராளமாக ஒன்றன்மேல் ஒன்று படர்வது ஈயத்தில் எளிதில் நடக்காது. இதற்கு மேல் வாதாடினால் மற்றவர்கள் காத்திருப்பார்கள்.

கே: எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டலாமா?

கூடவே கூடாது. திரையில் பெரிதாக்கிப் பாருங்கள்: சின்ன 'என்' (n) எழுத்தின் கடைசிக் கோடு மேலேறி அடுத்த எழுத்தின் தண்டைத் தொடும். இம்மி விலகினாலும் கோடு அந்தரத்தில் நிற்கும். வரிகளின் இரு ஓரத்தையும் சமன்செய்யும்போது மென்பொருள் உங்களைக் கேட்காமலேயே இடைவெளி கூட்டக்கூடும், அதையும் அணைத்து வையுங்கள்.

கே: கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து?

பெரிய அளவில் மட்டும். சிறிதானால் மெல்லிய கோடுகளை மை விழுங்கிவிடும்.

கே: ஸாப்ஃபீனோ எழுத்துருவும் இதே வகைதானே?

இல்லை. அது ஜெர்மன் எழுத்து வடிவமைப்பாளர் ஹெர்மன் ஸாப்ஃபின் சொந்தக் கையெழுத்துக் கலையிலிருந்து 1998-இல் வந்தது. வரிகளுக்கு நடுவே நிறைய இடம் கேட்கும்.

கே: பெயர்ப்பலகைக்கு எல்லாமே கேப்பிட்டலாக…

முதல் பதிலைப் படியுங்கள்.

கே: தமிழில் இப்படி ஒன்று?

தமிழ் எழுத்துரு வரைபவர்களிடம் கேளுங்கள், நான் லத்தீன் எழுத்து ஆள்.

கே: ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்தில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வெட்டுப்படுகிறது.

எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதால்தான். முதலில் வடிவங்களாக மாற்றுங்கள், அப்புறம் எல்லாவற்றையும் ஒரே வடிவமாக இணையுங்கள். அதற்கு முன்பே எழுத்துப்பிழை பார்த்துவிடுங்கள், பிறகு திருத்த முடியாது.