வங்கி பிடித்த கட்டணத்துக்கு ரிசர்வ் வங்கியிடம் கேட்க முடியுமா?

கேள்வி: என் தாயாரின் சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று முன்னறிவிப்பின்றி மாதந்தோறும் கட்டணம் பிடித்து, இருப்பை மைனஸ் 412 ரூபாய்க்குக் கொண்டுபோய்விட்டார்கள். முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் வரவானதும் அதிலிருந்து அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டார்கள். கேட்டால் ‘ரிசர்வ் வங்கி விதி’ என்கிறார் மேலாளர். ரிசர்வ் வங்கியிடமே நியாயம் கேட்க முடியாதா?
– வாசகி ஒருவர், தஞ்சாவூர்

பதில்: கேட்க முடியும். முதலில் மேலாளர் சொன்ன விதியைப் பார்ப்போம். குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்பதை ரிசர்வ் வங்கி அந்தந்த வங்கியின் முடிவுக்கே விட்டிருக்கிறது. கட்டணத்தை எப்படிப் பிடிக்கலாம் என்பதற்குத்தான் விதி உண்டு. 2014 நவம்பரில் வெளியாகி 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சுற்றறிக்கையின்படி, இருப்பு குறைந்ததைக் குறுஞ்செய்தி, மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் தெரிவித்து, சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். கட்டணம், குறையும் தொகைக்கேற்ற விகிதத்தில் இருக்க வேண்டும். இந்தக் கட்டணத்தால் மட்டுமே கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது. உங்கள் தாயாரின் பாஸ்புக்கில் உள்ள அந்த ‘மைனஸ் 412’ என்ற ஒரு வரியே, விதி மீறப்பட்டதற்கு வங்கி தன் கையால் அச்சிட்டுக் கொடுத்த சாட்சி.

அதன் நகலோடு வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதிலில் நியாயம் இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) கட்டணமின்றி முறையிடலாம். ‘கட்டணம் அதிகம்’ என்று மட்டும் எழுதினால், அது வங்கியின் வணிக முடிவு என்று தள்ளிவிட இடமுண்டு. எந்த நிபந்தனை எந்தத் தேதியில் மீறப்பட்டது என்று எழுதுங்கள். கணக்கை, குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தரும்படியும் கேளுங்கள்.

ஆனால் ஓம்பட்ஸ்மேன் விசாரிப்பது உங்கள் வங்கியின் சேவைக் குறைபாட்டைத்தான். தன் விதி மீறப்படுவதை ரிசர்வ் வங்கி ஏன் கண்டுகொள்ளவில்லை என்ற கேள்வி அப்படியே நிற்கும். என்னை உறுத்துவதும் அதுதான். பொதுத்துறை வங்கிகள் 2019-20 முதல் 5 ஆண்டுகளில் இந்தக் கட்டணமாக ஏறத்தாழ 8,500 கோடி ரூபாய் வசூலித்ததாக நாடாளுமன்றத்திலேயே அரசு கூறியது. குறைந்த இருப்பு உள்ளவர்களிடமிருந்தே பிடிக்கப்பட்ட பணம் அது! இந்தச் சுற்றறிக்கையை மீறியதற்காக எந்தெந்த வங்கிகள் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் ரிசர்வ் வங்கியிடம் நீங்களே கேட்கலாம். இதுபோன்ற விவரங்களை, வங்கிகள் தன்னை நம்பித் தந்த தகவல் என்று சொல்லி ரிசர்வ் வங்கி தர மறுத்த வாதத்தை, 2015 டிசம்பரில் ஜெயந்திலால் மிஸ்திரி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பொதுமக்களின், வைப்பாளர்களின் நலனைக் காப்பதே ரிசர்வ் வங்கியின் கடமை என்று தீர்ப்பளித்தது. கிடைக்கும் பதிலை உங்கள் தொகுதி மக்களவை உறுப்பினருக்கும் அனுப்பி, அவையில் கேள்வியாக எழுப்பச் சொல்லுங்கள்.